ஸ்காலர்ஷிப் இல்லாத கால்பந்து: அமெரிக்காவின் சின்னக் கல்லூரிகளில் யார் யாருக்குப் பணம் தருகிறார்கள்?

2025 ஜூன் 6 அன்று கலிஃபோர்னியாவில் நீதிபதி கிளாடியா வில்கன் ஒரு சமரச ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டார். செய்திகளில் 'ஹவுஸ் வழக்கு' என்று அடிபடுவது இதுதான். அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்கள் தங்கள் விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்க இது வழிவிட்டது. முதல் ஆண்டுக்கு ஒரு பல்கலைக்கழகத்தின் உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். அதில் பெரும்பங்கு கால்பந்து வீரர்களுக்குத்தான் போகிறது.

அதே நாட்டில், அதே விளையாட்டுச் சங்கத்தின் கீழ், சுமார் 240 கல்லூரிகள் கால்பந்து அணி வைத்திருக்கின்றன; வீரர்களுக்கு விளையாட்டுக்காக ஒரு டாலர்கூடக் கொடுப்பதில்லை. கொடுக்கக் கூடாது என்பது விதி. அப்படியிருந்தும் ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஒவ்வொரு கல்லூரியிலும் நூறு பையன்கள் வெயிலில் வந்து நிற்கிறார்கள். கல்லூரிகளோ அணியைக் கலைக்காமல், புதிதாக அணிகளை ஆரம்பிக்கின்றன. இது எப்படிக் கட்டுப்படியாகிறது? யாருக்குக் கட்டுப்படியாகிறது?

பதில், பணம் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதில் இருக்கிறது. பெரிய பல்கலைக்கழகத்தில் கல்லூரி வீரருக்குப் பணம் தருகிறது. சின்னக் கல்லூரியில் வீரரின் குடும்பம் கல்லூரிக்குப் பணம் தருகிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் வரிசையாகப் புரியும்.

(கால்பந்து என்று இங்கே சொல்வது, ஹெல்மெட்டும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு முட்டை வடிவப் பந்தை ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தை. நாம் கால்பந்து என்பதை அங்கே சாக்கர் என்பார்கள்.)

மூன்று டிவிஷன்கள்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் பெரிய அமைப்பு என்.சி.ஏ.ஏ. 1973-ல் அது தன் உறுப்புக் கல்லூரிகளை மூன்றாகப் பிரித்தது.

1. டிவிஷன் 1: பெரிய பல்கலைக்கழகங்கள். கால்பந்தில் மட்டும் இதற்குள் இரண்டு தட்டுகள்: மேலே எஃப்.பி.எஸ்., அதற்குக் கீழே எஃப்.சி.எஸ். ஹவுஸ் ஒப்பந்தத்துக்கு முன்பு எஃப்.பி.எஸ். அணிக்கு 85 ஸ்காலர்ஷிப், எஃப்.சி.எஸ். அணிக்கு 63 என்று வரம்பு இருந்தது.

2. டிவிஷன் 2: நடுத்தரக் கல்லூரிகள். கால்பந்துக்கு 36 முழு ஸ்காலர்ஷிப்பின் மதிப்பு. அதையே உடைத்து எண்பது, தொண்ணூறு பேருக்குப் பங்கு போட்டுக் கொடுப்பார்கள்.

3. டிவிஷன் 3: ஸ்காலர்ஷிப் கிடையாது. பெரும்பாலும் ஆயிரம் முதல் மூவாயிரம் மாணவர்கள் படிக்கும் தனியார் கல்லூரிகள். கொஞ்சம் அரசுப் பல்கலைக்கழகங்களும் உண்டு.

பலருக்கு வியப்பாக இருக்கும் விஷயம், வீரர் எண்ணிக்கையில் மூன்றில் மிகப் பெரியது டிவிஷன் 3 என்பது. சுமார் 430 கல்லூரிகள், எல்லா விளையாட்டுகளையும் சேர்த்தால் ஏறத்தாழ 2 லட்சம் பேர். தொலைக்காட்சியில் தெரிவது மேல்தட்டு. மைதானங்களில் ஆடிக்கொண்டிருப்பவர்களில் பெருங்கூட்டம் கீழ்த்தட்டில் இருக்கிறது. ஆனால் என்.சி.ஏ.ஏ. வருமானத்தில் டிவிஷன் 3-க்கு ஒதுக்கப்பட்ட பங்கு 3.18 சதவீதம்.

ஸ்காலர்ஷிப்தான் பிறகு வந்தது

ஸ்காலர்ஷிப் இருப்பது இயல்பு, இல்லாதது விதிவிலக்கு என்றுதான் இன்று நினைக்கிறோம். வரலாறு தலைகீழ். 1948-ல் என்.சி.ஏ.ஏ. ஒரு விதி கொண்டுவந்தது: விளையாடுவதற்காகப் பணம் தரக் கூடாது, ஏழை மாணவராக இருந்தால் கட்டண உதவி தரலாம். பல கல்லூரிகள் அதை மதிக்கவில்லை. மீறியவர்களை வெளியேற்றவும் சங்கத்துக்குப் பலமில்லை. 1951-ல் அதைக் கைவிட்டார்கள். குடும்ப வருமானம் எதுவானாலும் விளையாட்டுத் திறமைக்காகவே ஸ்காலர்ஷிப் தரலாம் என்று 1956-ல் முடிவானது.

எல்லாரும் அந்த வழியில் போகவில்லை. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் உள்ளிட்ட எட்டு ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது என்று 1954-ல் தங்களுக்குள் உறுதி செய்துகொண்டன. இன்றுவரை அது நீடிக்கிறது.

இந்தக் கதையில் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குத் தனி இடம் உண்டு. ஆமோஸ் அலோன்சோ ஸ்டாக் என்ற கோச் அங்கே 41 பருவங்கள் பணியாற்றினார். நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையை 1935-ல் முதல்முறையாக வென்ற ஜே பெர்வாங்கர் சிகாகோ மாணவர். நான்கே ஆண்டுகள் கழித்து, 1939 பருவம் முடிந்ததும், பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் கால்பந்தையே நிறுத்திவிட்டார். பார்வையாளர் இல்லாமல் கிடந்த ஸ்டாக் மைதானத்தின் மேற்கு மாடத்துக்குக் கீழேதான், 1942 டிசம்பர் 2 அன்று என்ரிகோ ஃபெர்மி குழு உலகின் முதல் கட்டுப்படுத்தப்பட்ட அணுத்தொடர்வினையை நடத்தியது. 1969-ல் சிகாகோவில் கால்பந்து திரும்பவும் முளைத்தது, இந்த முறை ஆரவாரம் இல்லாமல். இன்று அது டிவிஷன் 3 அணி. டிவிஷன் 3 இறுதியாட்டத்துக்கு 'ஸ்டாக் பவுல்' என்று பெயர்.

"ஸ்காலர்ஷிப் இல்லை" என்றால் சரியாக என்ன?

குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. டிவிஷன் 3 வீரர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் ஏதோ ஒரு கட்டண உதவி வாங்குகிறார்கள். அப்புறம் எப்படி 'ஸ்காலர்ஷிப் இல்லை' என்கிறோம்? தடை செய்யப்பட்டிருப்பது விளையாட்டைக் காரணமாக வைத்துத் தரும் பணம் மட்டும்தான். விதியை நான்கு துண்டாகப் பிரிக்கலாம்.

1. கட்டண உதவியை முடிவு செய்யும்போது மாணவரின் விளையாட்டுத் திறமை, அணியில் இருப்பது, விளையாட்டில் காட்டிய தலைமைப் பண்பு என எதையும் கணக்கில் எடுக்கக் கூடாது.

2. மற்ற மாணவர்களுக்குக் கிடைக்கும் அதே உதவி, அதே அளவுகோலில் வீரருக்கும் கிடைக்கலாம். இது இரண்டு வகை: குடும்ப வருமானம் பார்த்துத் தருவது, பள்ளி மதிப்பெண் பார்த்துத் தருவது.

3. கோச் அட்மிஷன் ஆபீசில் ஒரு மாணவருக்காகப் பேசலாம். கட்டண உதவி ஆபீசில் பேசக் கூடாது. இரண்டு கதவுகளுக்கும் நடுவில் ஒரு சுவர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

4. ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டுதோறும் வீரர்களுக்குக் கிடைத்த உதவியையும் மற்றவர்களுக்குக் கிடைத்ததையும் ஒப்பிட்டுக் கணக்குக் காட்ட வேண்டும். வீரர்களின் பக்கம் சாய்ந்திருந்தால் விளக்கம் கேட்பார்கள்.

மூன்றாவது விதி மிக முக்கியம். கோச்சிடம் காசு கிடையாது. ஆனால் படிப்புத்தரம் உயர்ந்த கல்லூரிகளில் அவரிடம் வேறொன்று இருக்கிறது: அட்மிஷனில் ஒரு கை. பள்ளி மாணவரின் மதிப்பெண் பட்டியலை முன்கூட்டியே வாங்கி அட்மிஷன் ஆபீசுக்கு அனுப்பி, "இவருக்கு வாய்ப்பு உண்டா?" என்று கேட்பார். 'முன்வாசிப்பு' என்ற பொருளில் அதற்கு ப்ரீ-ரீட் என்று பெயர். பத்துப் பேர் விண்ணப்பித்தால் ஒருவருக்கு இடம் கிடைக்கிற கல்லூரியில் அந்த ஒரு வார்த்தை பெரிய விஷயம். நம்மூர் ஸ்போர்ட்ஸ் கோட்டா போல எழுதி வைத்த இடங்கள் என்று இதைச் சொல்ல முடியாது. ஆனாலும் இடம் இடம்தான். பென்சில்வேனியாவின் ஸ்வார்த்மோர் கல்லூரி 2000 டிசம்பரில் கால்பந்தை நிறுத்தியதற்கு முக்கியக் காரணமே இதுதான். சுமார் 1,400 மாணவர் படிக்கும் கல்லூரியில் ஒரு கால்பந்து அணியை நிரப்ப ஆரம்பித்தால், முதலாண்டு இடங்களில் எத்தனை அதற்கே போய்விடும்?

ஒரு கடிதத்தைப் பிரித்துப் பார்ப்போம்

மார்ச் மாதம் கல்லூரியிலிருந்து கட்டண உதவிக் கடிதம் வரும். அமெரிக்காவில் பிள்ளையைப் படிக்கவைக்கிற எந்தக் குடும்பத்துக்கும் தெரிந்த கடிதம்தான். கீழே இருப்பவை விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள். ஆனால் கடிதத்தின் அமைப்பு இப்படித்தான் இருக்கும்.

ஆண்டுச் செலவு 58,000 டாலர். இதில் கல்விக் கட்டணம் 43,000, விடுதியும் சாப்பாடும் 13,000, புத்தகம் முதலிய சில்லறைச் செலவு 2,000. அதற்குக் கீழே 'உங்களுக்கான உதவி' என்று ஒரு பட்டியல்:

- மதிப்பெண்ணுக்கான மெரிட் ஸ்காலர்ஷிப்: 22,000
- கல்லூரியின் தேவை அடிப்படை உதவி: 6,000
- அரசு உதவி: 4,000
- அரசுக் கல்விக் கடன்: 5,500
- வளாக வேலை: 2,000

மொத்த உதவி 39,500 என்று தடித்த எழுத்தில் இருக்கும். படித்ததும் மனசு குளிர்ந்துவிடும். வீட்டில் "பையனுக்குக் கால்பந்து ஸ்காலர்ஷிப் கிடைச்சிருக்கு" என்று சொந்தக்காரர்களுக்குப் போன் போகும்.

சரி, இப்போது நிதானமாகப் பார்ப்போம். கடன் என்பது திருப்பிக் கட்ட வேண்டியது. வளாக வேலை என்பது பையன் நூலக மேசையிலோ ஜிம் வாசலிலோ உட்கார்ந்து சம்பாதிக்க வேண்டியது. இரண்டையும் கழித்தால் உண்மையான உதவி 32,000. குடும்பத்தின் தலையில் விழுவது ஆண்டுக்கு 26,000, நான்கு ஆண்டுக்கு ஒரு லட்சத்து நான்காயிரம் டாலர். கட்டணம் ஏறாமல் இருந்தால்.

இனி அந்த 22,000 மெரிட் ஸ்காலர்ஷிப். அது யாரோ ஒரு வள்ளல் வைத்துவிட்டுப் போன பணமாக இருந்தால் கல்லூரி தன் கையிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது என்று சொல்லலாம். பெரும்பாலான சின்னக் கல்லூரிகளில் அப்படிப் பணம் கிடையாது. அது விலைக்குறைப்பு. துணிக்கடையில் ஆடித் தள்ளுபடி போடுவதற்கு எந்தப் பெட்டியிலிருந்தும் பணம் எடுக்க வேண்டியதில்லை, அதே கணக்கு. அமெரிக்கத் தனியார் கல்லூரிகள் முதலாண்டு மாணவர்களுக்குத் தரும் சராசரித் தள்ளுபடி, பட்டியல் கட்டணத்தில் பாதியைத் தாண்டிவிட்டது. கால்பந்து ஆடாத பக்கத்து அறை மாணவருக்கும் அதே மதிப்பெண் இருந்தால் அதே 22,000 கிடைத்திருக்கும். கிடைக்க வேண்டும் என்பதுதான் விதி.

இதில் வீரருக்கு ஒரு பெரிய நன்மையும் ஒளிந்திருக்கிறது. இதைப் பெற்றோர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள் என்பது என் வருத்தம். இந்த உதவி கால்பந்தோடு கட்டப்படவில்லை. முழங்கால் தசைநார் அறுந்து இனி ஆட முடியாது என்றாலும், இரண்டாம் ஆண்டில் "எனக்கு வேதியியல் போதும், பந்து வேண்டாம்" என்று சொன்னாலும் ஒரு டாலர் குறையாது. டிவிஷன் 1-ல் 1973 முதல் 2012 வரை ஸ்காலர்ஷிப் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படுவதாகத்தான் இருந்தது. கோச்சுக்குப் பிடிக்கவில்லை என்றால் அடுத்த ஆண்டு இல்லாமல் போகலாம். அந்தப் பயம் டிவிஷன் 3 பையனுக்கு இல்லை.

கல்லூரிக்கு என்ன கிடைக்கிறது?

அதே கடிதத்தை மேசையின் மறுபக்கத்திலிருந்து படியுங்கள். கட்டணமும் விடுதியும் சேர்த்து 56,000. கல்லூரி குறைத்துக்கொண்டது 28,000. ஆக, ஒரு வீரரால் கல்லூரிக்கு வருவது ஆண்டுக்கு 28,000 டாலர். நூறு பேர் என்றால் 28 லட்சம். தலைமை கோச்சும் உதவியாளர்களும், ஹெல்மெட்டும், பஸ் வாடகையும், மருத்துவப் பயிற்சியாளரும் இதிலிருந்துதான். டிக்கெட் விற்றோ தொலைக்காட்சி உரிமை விற்றோ வருவதில்லை.

கால்பந்து இதற்கு ஏன் இவ்வளவு பொருத்தமாக இருக்கிறது? டென்னிஸ் அணிக்குப் பத்துப் பேர் போதும். கால்பந்தில் ஒரு நேரத்தில் களத்தில் 11 பேர், தாக்குதலுக்கு ஒரு குழு, தடுப்புக்கு ஒரு குழு, உதைக்க ஒரு குழு, ஒவ்வொரு இடத்துக்கும் மாற்று ஆட்கள். ரோஸ்டர் எனப்படும் அணிப்பட்டியல் நூறைத் தாண்டுவது சாதாரணம். 1,200 பேர் படிக்கும் கல்லூரியில் 120 பேர் என்றால் பத்தில் ஒருவர். ஆண்களை மட்டும் எடுத்தால் விகிதம் இன்னும் கூடும். அமெரிக்கக் கல்லூரிகளில் பெண்களின் எண்ணிக்கை ஆண்களைவிட வெகுவாகக் கூடிவிட்டது. பையன்களை எப்படி வரவைப்பது என்று தவிக்கும் நிர்வாகத்துக்குக் கால்பந்து ஒரே நேரத்தில் நூறு பையன்களைக் கொண்டுவருகிறது. அமெரிக்காவில் 2008-க்குப் பிறகு பிறப்பு எண்ணிக்கை இறங்கியது. அந்தக் குழந்தைகள் இப்போது கல்லூரி வயதுக்கு வருகிறார்கள். ஆள் குறையும் காலத்தில் சின்னக் கல்லூரிகள் கால்பந்தைப் பிடித்துக்கொள்வதற்கு இதுதான் காரணம்.

ஆகவே இந்தக் கல்லூரிகளில் கோச்சின் உண்மையான வேலைகளில் ஒன்று ஆள் சேர்ப்பது. எத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்று எண்ணிக்கை கொடுத்துவிடுவார்கள். அவர் ஆண்டு முழுக்கப் பள்ளி பள்ளியாகக் கார் ஓட்டுவார்.

ஆனால் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. அந்த நூறு பேரும் கால்பந்துக்காகவே வந்தவர்களா? இல்லாவிட்டாலும் வந்திருப்பார்களா? முதலாண்டில் ஐம்பது பேர் சேர்ந்து, நான்காம் ஆண்டில் பதினைந்து பேர்தான் மிச்சம் என்றால்? ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் புதிதாகக் கால்பந்து தொடங்கிய கல்லூரிகளை, தொடங்காத அதே மாதிரிக் கல்லூரிகளோடு ஒப்பிட்டு 2024-ல் முடிவு வெளியிட்டார்கள். ஆரம்பத்தில் சேர்க்கை ஏறுகிறது; அந்த ஏற்றம் நிலைப்பதில்லை. எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. பக்கத்து ஊர்க் கல்லூரியும் அணி தொடங்கிவிட்டால் அதே பையன்களைத்தானே இருவரும் தேடிப் போக வேண்டும்?

பணமே இல்லாவிட்டாலும் சமம் வராது

ஸ்காலர்ஷிப்பை எடுத்துவிட்டால் எல்லா அணியும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும் என்று தோன்றலாம். நடந்தது வேறு.

ஒஹாயோ மாநிலத்தில் அலையன்ஸ் என்ற சிறு நகரில் மவுன்ட் யூனியன் என்ற டிவிஷன் 3 கல்லூரி இருக்கிறது. லேரி கெரெஸ் 1986 முதல் 2012 வரை அங்கே தலைமை கோச். அவருடைய கணக்கு: 332 வெற்றி, 24 தோல்வி, 3 சமன், 11 தேசியப் பட்டங்கள். 2005 முதல் 2014 வரை நடந்த 10 ஸ்டாக் பவுல்களில் 9-ல் மவுன்ட் யூனியனும் விஸ்கான்சின்-ஒயிட்வாட்டரும்தான் மோதின. 240 கல்லூரிகள் இருக்கும் இடத்தில் இரண்டே பெயர்கள்.

காரணங்களைத் தேடினால் ஸ்காலர்ஷிப்புக்கு வெளியே இருப்பவை தெரியும். ஒயிட்வாட்டர் அரசுப் பல்கலைக்கழகம். விஸ்கான்சின் மாநிலத்துப் பையனுக்கு அங்கே பட்டியல் கட்டணமே குறைவு, தள்ளுபடி தேவையே இல்லை. மவுன்ட் யூனியனுக்கு வென்ற பெயர் இருக்கிறது. தோற்றே பழகிய கல்லூரியிலும் கட்டணம் கிட்டத்தட்ட அதேதான் என்றால், பையன் எங்கே போவான்? விலை எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கும்போது புகழ்தான் விற்கும்.

மினசோட்டாவில் இன்னொரு கதை. காலேஜ்வில்லில் உள்ள செயின்ட் ஜான்ஸ், பெனடிக்டைன் துறவிகளின் கல்லூரி. ஜான் காக்லியார்டி 1953-ல் அங்கே போய் 2012-ல்தான் ஓய்வு பெற்றார். மொத்தம் 489 வெற்றிகள். கல்லூரிக் கால்பந்தில் அதை யாரும் தொட்டதில்லை. பயிற்சியில் ஒருவரை ஒருவர் இடித்து வீழ்த்துவது கிடையாது. விசில் கிடையாது. வந்தவர் யாரையும் அணியிலிருந்து கழிப்பது கிடையாது. 'கோச்' என்று கூப்பிடவும் கூடாது. ஜான் என்றே கூப்பிட வேண்டும். ஸ்காலர்ஷிப் என்ற கயிறு இல்லாத இடத்தில், நாளைக்கும் வருவானா என்பது பையனின் விருப்பம். அதைப் புரிந்துகொண்டவர் நடத்திய அணி இப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

செயின்ட் ஜான்ஸின் பரம எதிரி செயின்ட் தாமஸ். 2017-ல் மினியாபொலிஸ் பேஸ்பால் அரங்கில் இருவரும் மோதியபோது 37,355 பேர் வந்தார்கள். டிவிஷன் 3-ல் அப்படி ஒரு கூட்டம் அதற்கு முன் கூடியதில்லை. அதே பருவத்தில் செயின்ட் தாமஸ், செயின்ட் ஓலாஃப் கல்லூரியை 97-0 என்று வென்றது. செயின்ட் தாமஸ் லீக்கில் இருந்த மற்றக் கல்லூரிகளைவிட இரண்டு மூன்று மடங்கு பெரியது. மற்றவர்கள் கூடிப் பேசினார்கள். 2019 மே மாதம், ஒரு நூற்றாண்டு கூடவே இருந்த உறுப்பினரை லீக்கிலிருந்து வெளியேற்றுவதாக அறிவிப்பு வந்தது. காசு கொடுத்து ஆள் பிடித்ததாக யாரும் குற்றம் சாட்டவில்லை. அளவுதான் பிரச்சினை. 2021-ல் செயின்ட் தாமஸ் நேரே டிவிஷன் 1-க்குத் தாவியது.

நடுவில் நிற்பவர்கள்

தாவிய செயின்ட் தாமஸ் கால்பந்தில் போய்ச் சேர்ந்த இடமும் ஸ்காலர்ஷிப் இல்லாத இடம்தான்: பயனியர் ஃபுட்பால் லீக். டிவிஷன் 1-ல் இருந்துகொண்டு கால்பந்துக்கு மட்டும் ஸ்காலர்ஷிப் தராத கல்லூரிகளின் லீக் இது. ஒரு கல்லூரி ஒரு விளையாட்டில் டிவிஷன் 1, இன்னொன்றில் டிவிஷன் 3 என்று கலந்து ஆடக் கூடாது என்று 1991-ல் விதி வந்தது. கூடைப்பந்தில் மேல்தட்டில் இருந்துகொண்டு கால்பந்தில் டிவிஷன் 3 பட்டம் வென்ற டேட்டன் போன்ற கல்லூரிகளுக்கு அது அடி. கூடைப்பந்தை விடவும் முடியாது, 63 ஸ்காலர்ஷிப்புக்குப் பணமும் இல்லை. அதனால் 1993 முதல் தங்களுக்குள் ஆட ஆரம்பித்தார்கள். 2010, 2011 என இரண்டு ஆண்டும் தேசியக் கூடைப்பந்து இறுதியாட்டத்துக்குப் போன பட்லர், கால்பந்தில் இந்த லீக்கில்தான் இருக்கிறது.

ஐவி லீக் வேறு ரகம். அங்கும் விளையாட்டு ஸ்காலர்ஷிப் இல்லை. ஆனால் தேவை அடிப்படை உதவிக்கு அவர்களிடம் பணம் குவிந்து கிடக்கிறது. ஆண்டு வருமானம் 2 லட்சம் டாலர் வரையுள்ள குடும்பங்களுக்குக் கல்விக் கட்டணமே இல்லை என்று ஹார்வர்ட் 2025-ல் அறிவித்தது. அப்படிப்பட்ட வீட்டுப் பையனுக்கு 'ஸ்காலர்ஷிப் இல்லை' என்பது வெறும் பெயர். வசதியற்ற சின்னக் கல்லூரியில் அதே சொல்லுக்கு முழு எடை.

ஹவுஸ் ஒப்பந்தம் இவர்களை எப்படித் தொடுகிறது?

நேரடியாக இல்லை. வருமானப் பங்கீடு டிவிஷன் 1-க்கு மட்டும். ஐவி லீக் அதில் சேரப்போவதில்லை என்று 2025 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. ஆனால் அலை கீழே வரும்.

முதலாவது, ஒப்பந்தத்தில் சேர்ந்த பல்கலைக்கழகங்களில் கால்பந்து அணிக்கு 105 பேர் என்று வரம்பு வந்துவிட்டது. முன்பு ஸ்காலர்ஷிப் இல்லாமலே பெரிய அணியின் ஓரத்தில் நின்றவர்களில் ஒரு பகுதிக்கு இடமில்லை. அவர்கள் படிப்படியாகக் கீழே வருவார்கள்.

இரண்டாவது, எதிர்த்திசை. இடம் மாறும் விதிகள் தளர்ந்துவிட்டதால், டிவிஷன் 3-ல் ஜொலித்தவரை மேல்தட்டு அணிகள் இரண்டாம், மூன்றாம் ஆண்டிலேயே கூப்பிடுகின்றன. நியூயார்க் மாநிலத்தின் ஹோபார்ட் கல்லூரியில் நான்கு ஆண்டும் ஆடிய அலி மார்பெட், தொழில்முறைக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.-லின் 2015 வீரர் தேர்வில் 61-ஆவதாக எடுக்கப்பட்டு, பின்னர் டாம்பா பே அணியோடு அந்த லீக்கின் இறுதியாட்டமான சூப்பர் பவுலும் வென்றார். டிவிஷன் 3-லிருந்து இவ்வளவு முன்னால் யாரும் எடுக்கப்பட்டதில்லை. இன்று அப்படி ஒருவர் முளைத்தால் நான்கு ஆண்டும் ஹோபார்ட்டில் இருப்பாரா என்பது சந்தேகம்.

மூன்றாவது, சட்டம். ஸ்காலர்ஷிப் தராவிட்டால் வீரர் ஊழியர் ஆக மாட்டார் என்பது கல்லூரிகளின் நம்பிக்கை. ஐவி லீக்கின் டார்ட்மத் கூடைப்பந்து வீரர்கள் ஊழியர்களே என்று 2024 பிப்ரவரியில் தொழிலாளர் வாரியத்தின் வட்டார அதிகாரி தீர்ப்பளித்தார். மார்ச்சில் அவர்கள் 13-2 என்று தொழிற்சங்கத்துக்கு வாக்களித்தார்கள். அந்த ஆண்டு இறுதியில் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டதால் விஷயம் நின்றது. கேள்வி நிற்கவில்லை.

கடிதம் கையில் இருக்கும்போது கேட்க வேண்டியவை

1. கடனையும் வளாக வேலையையும் கழித்துவிட்டு, நான்கு ஆண்டுக்கும் சேர்த்து நம் கையிலிருந்து போவது எவ்வளவு?

2. மெரிட் ஸ்காலர்ஷிப்பைத் தக்கவைக்க எந்த மதிப்பெண் சராசரி வேண்டும்? ஆட்டப் பருவத்தில், வாரக்கடைசியில் பஸ்ஸிலேயே இருக்கும் பையனால் அதை எட்ட முடியுமா?

3. இந்த ஆண்டு எத்தனை பேரைச் சேர்க்கிறீர்கள்? நான்கு ஆண்டுக்கு முன் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் அணியில், எத்தனை பேர் கல்லூரியில்? இதை கோச்சிடமே நேரில் கேட்கலாம். நல்ல கோச் தயங்காமல் எண்ணைச் சொல்வார்.

4. கால்பந்தே இல்லாவிட்டாலும் இந்தக் கல்லூரியில், இந்தப் பாடத்தில், இந்த விலைக்குச் சேர்ப்போமா?

5. பையன் பட்டம் வாங்கும்வரை கல்லூரி இருக்குமா?

கடைசிக் கேள்வி மிகையாகத் தோன்றலாம். மிச்சிகனின் ஃபின்லாண்டியா பல்கலைக்கழகம் 2015-ல் கால்பந்து தொடங்கியது. 2023-ல் பல்கலைக்கழகமே மூடப்பட்டது. அலபாமாவின் பர்மிங்ஹாம்-சதர்ன் கல்லூரி 2006-ல் டிவிஷன் 1-ஐ விட்டு டிவிஷன் 3-க்கு வந்து, மறுஆண்டே கால்பந்து அணியைக் களமிறக்கியது. 2024 மே 31 அன்று கல்லூரி மூடியது. அதன் பேஸ்பால் அணி அன்று ஒஹாயோவில் தேசியப் போட்டியில் இருந்தது. மறுநாளும் அதே பெயர் பொறித்த சட்டையோடு களமிறங்கி ஜெயித்தார்கள். திரும்பிப் போவதற்கு அவர்களுக்குக் கல்லூரி இல்லை.